அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் வாத்தியாராக இருந்த ஊருக்குப் போய் வந்தேன். உங்கள் அனுபவம் என்ன?

பாஸ்டன்வாசி:

போன அக்டோபரில், இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் கிளம்பினோம். டெர்ரி என்ற ஊரில் 28ஆம் எண் சாலையை ஒட்டி ஒரு வெள்ளை மரவீடு, அதோடு சேர்ந்தாற்போல் ஒரு தானியக் கொட்டகை. ஃப்ராஸ்டின் பண்ணை. அவர் பனியையும் காட்டையும் எழுதியவர் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். அங்கே சுற்றிப் பார்த்துவிட்டு வந்து தேடிப் படித்தபோது, அவரது வாத்தியார் காலம்தான் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது.

1900இல் தாத்தா வாங்கிக் கொடுத்த பண்ணை அது. ஃப்ராஸ்ட் அங்கே கோழி வளர்த்தார், இரவில் கவிதை எழுதினார். தாத்தா உயிலில் எழுதிவைத்த ஆண்டுக்கு 500 டாலரையும் சேர்த்தாலும் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டம்தான். 1906இல் உள்ளூர் பிங்கர்டன் பள்ளியில் வேலை கேட்டார். கையில் பட்டம் இல்லை. டார்ட்மவுத் கல்லூரியில் சில மாதம், ஹார்வர்டில் இரண்டு வருடம், இரண்டையும் பாதியில் விட்டவர். அப்போது தேவாலயத்துக்காரர்களின் விருந்து ஒன்றில் அவருடைய கவிதை ஒன்று வாசிக்கப்பட்டது. கூச்சத்தில் அவர் எழுந்து நிற்கவே இல்லை, பாதிரியார்தான் வாசித்தார். வேலை கிடைத்துவிட்டது! (விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்டும் அதே பள்ளியில் படித்தவர்தான். சின்ன ஊர், பெரிய ராசி.)

பள்ளிப் பிள்ளைகளை வைத்து மார்லோ, மில்டன், யேட்ஸ் எழுதிய நாடகங்களைப் போட்டிருக்கிறார். மாநிலக் கல்வி அதிகாரி இவர் வகுப்பைப் பார்த்துவிட்டு, மற்ற ஆசிரியர்களுக்குப் பேசச் சொல்லி அழைத்துப் போனாராம். கவிதை வாசிக்க எழுந்து நிற்காத மனிதரை!

1911இல் பண்ணையை விற்றார். ஒரு வருடம் பிளிமத் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தார். 1912இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். முதல் புத்தகம் அடுத்த வருடம் லண்டனில் வந்தபோது அவருக்கு வயது 39.

அவர் போன பிறகு அந்தப் பண்ணை ஒரு கட்டத்தில் உடைந்த கார்களைக் குவிக்கும் இடமாகக் கிடந்திருக்கிறது. 1960களில்தான் மாநில அரசு வாங்கிச் சீர்செய்தது. கொல்லைப்புறக் கல்சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சிமென்ட் கிடையாது, கல் மேல் கல், அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பு மிஸ்:

நான் சிபிஎஸ்இ பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். இரண்டு பாதை பிரியும் அவருடைய 'தி ரோட் நாட் டேக்கன்' கவிதை ஒன்பதாம் வகுப்பில் பாடமாக இருந்தது. இவர் வாத்தியார் என்று சொன்னதும் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், அப்போ வேலையை விட்டதாலதான் கவிஞர் ஆனாரா?" சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், 1894லேயே ஒரு கவிதையை 15 டாலருக்குப் பத்திரிகைக்கு விற்றிருக்கிறார். வாத்தியார் வேலையையும் முழுதாக விடவில்லை. 1917இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தவர், அப்புறம் போவதும் வருவதுமாகப் பல காலம் பாடம் எடுத்தார். நாலு புலிட்சர் பரிசும் அதற்கிடையில் வந்தவை.

மறுநாள் வகுப்பில் 1961 ஜனவரி 20, அமெரிக்க அதிபர் கென்னடியின் பதவியேற்பு வீடியோவைப் போட்டேன். கவிதை வாசிக்க வரும் ஃப்ராஸ்டுக்கு 86 வயது. புதிதாக எழுதி வந்த தாளைப் படிக்க முடியாமல் வெயில் கண்ணைக் கூசுகிறது, தடுமாறுகிறார். பிறகு தாளை விட்டுவிட்டு பழைய கவிதை ஒன்றை மனப்பாடமாகவே சொல்லி முடிக்கிறார். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கும் கூட்டம் அது. நான் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேன்.

மேன்ஷன் ஆள்:

என்னுடையது சின்ன அனுபவம். பிங்கர்டனில் தன்னிடம் படித்த ஜான் பார்ட்லெட்டுக்கு ஃப்ராஸ்ட் 1913இல் ஒரு கடிதம் எழுதினார். மூடிய கதவுக்கு அப்பால் பேசுபவர்களைக் கேட்டுப் பார், வார்த்தை புரியாது, ஆனால் வாக்கியத்தின் ஓசை மட்டும் காதில் விழும், எழுத்துக்கு அதுதான் ஆதாரம் என்கிற மாதிரி சொல்கிறார். படித்தபோது எனக்கு மண்டையில் உறைக்கவில்லை. பக்கத்து அறையில் வடகிழக்குப் பையன்கள் நாலு பேர். அவர்கள் பாஷையில் ஒரு சொல் எனக்குத் தெரியாது. ஒரு ராத்திரி சுவரில் சாய்ந்து சும்மா கேட்டேன். ஒருவன் கடன் கேட்கிறான், இன்னொருவன் மழுப்புகிறான். சத்தியமாகப் புரிந்தது! காலையில் விசாரித்தேன். கடன் இல்லையாம், துணி துவைக்கும் முறை பற்றிய சண்டையாம். ஆனால் மழுப்பினது நிஜம்.

பாஸ்டன்வாசி:

@மேன்ஷன் ஆள், சிரித்துவிட்டேன். டெர்ரி போக நினைப்பவர்களுக்கு ஒன்று: குளிர்காலத்தில் வீட்டைத் திறப்பதில்லை. பனியோடு பார்க்க வேண்டுமென்றால் வெளியில் நின்றுதான் பார்க்க வேண்டும். நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.