பம்பும் ரேக்கும் மாற்றச் சொல்கிறார்கள்: பவர் ஸ்டீயரிங் ஒழுகலுக்கு அதுதான் வழியா?

காசிமேட்டுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2010 மாடல், ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்து ஸ்டீயரிங்கை ஒடித்தால் "ஊஊ" என்று முனகுகிறது. வண்டி சூடானால் சத்தம் குறைகிறது, ஆனால் முழுதாகப் போவதில்லை. வாசலில் இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக எண்ணெய்ச் சொட்டு. பத்து நாளைக்கு ஒருமுறை கால் லிட்டர் ஆயில் ஊற்றுகிறேன். ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டார்ச் அடித்துக் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பம்ப் போச்சு, ரேக்கும் (ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் சக்கரங்களைத் திருப்பும் தண்டு உள்ள பாகம்) போச்சு, இரண்டும் மாற்றினால் 42,000 ஆகும்" என்றார்கள். விடிகாலை மீன் ஏலத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வண்டி, ரொம்ப நாள் நிறுத்த முடியாது. என்ன செய்யலாம்?

எண்ணூர் டாக்ஸி:
தம்பி, ரேக் ஒழுக ஆரம்பித்துவிட்டால் சீல் கிட் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) பக்கமே போகாதீர்கள். நான் இரண்டு முறை போட்டேன். முதல் முறை எட்டு மாதம் தாங்கியது, அடுத்தது மூன்றே மாதம். அப்புறம் புதுப்பேட்டையில் பழைய ரேக் ஒன்றைப் பார்த்து வாங்கிப் போட்டேன். இரண்டு வருடமாக ஒரு சொட்டு இல்லை. பம்பும் அங்கேயே கிடைக்கும். சொன்ன தொகையில் பாதிகூட ஆகாது.

கொருக்குப்பேட்டை ஸ்பேனர்:
அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த ஆலோசனையை ஒத்துக்கொள்ள முடியாது. எங்கிருந்து ஒழுகுகிறது என்றே இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதற்குள் எந்தப் பாகத்தை எங்கே வாங்குவது என்று பேசுகிறோம்.

இருபது வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். பம்ப் போய்விட்டது என்று என்னிடம் வரும் வண்டிகளில் பலவற்றில் பம்ப் நன்றாகத்தான் இருக்கும். முனகல் வருவது ஆயிலில் காற்று கலப்பதால். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஆயில் ஊற்றும் டப்பாவின் அடியில் இருக்கும் வலை அடைத்துக்கொண்டால் போதிய ஆயில் வராமல் ஊளையிடும். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் ஹோஸையும் பாருங்கள். அது உறிஞ்சும் பக்கம். கிளிப் தளர்ந்திருந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது, உள்ளே காற்று மட்டும் போகும். வெளியே காய்ந்திருப்பதால் அந்த ஹோஸை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

தம்பி, இன்ஜின் ஓடும்போது டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் நுரைத்திருந்தால் காற்று போகிறது என்று அர்த்தம். பால் கலந்த மாதிரி வெளுத்து, இன்ஜினை அணைத்து வெகுநேரம் ஆகியும் தெளியாவிட்டால் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

எண்ணூர் டாக்ஸி:
சத்தத்தை விடுங்கள். சொட்டு இடது சக்கரத்தருகே விழுகிறது என்கிறாரே. அங்கே ரேக்கின் முனையை மூடும் ரப்பர் உறை, அதாவது பூட்தான் இருக்கிறது. வேறென்ன இருக்கிறது?

கொருக்குப்பேட்டை ஸ்பேனர்:
சொட்டு விழும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு அண்ணே. மேலே பம்பிலிருந்து ரேக்குக்கு அழுத்தத்தோடு ஆயில் போகும் பிரஷர் ஹோஸின் பிரெஸ் செய்த இடத்தில் கசிந்தாலும் பைப் மேலேயே வழிந்து, பூட்டின் நுனியில் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிறவனுக்கு ரேக் ஒழுகுவதாகவே தெரியும்.

நான் செய்வது இதுதான். டீசல் பிரஷ் போட்டு எல்லாவற்றையும் கழுவி, காற்றடித்துக் காய வைப்பேன். அப்புறம் முகத்துக்குப் போடும் பவுடரை ஹோஸ், ஜாயின்ட், ரேக் எல்லாவற்றின் மேலும் தூவுவேன். இன்ஜினை ஓட விட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சில தடவை திருப்பினால், வெள்ளைப் பவுடரில் சிவப்பாக ஒரு கோடு இறங்கும். கோட்டின் மேல் நுனி எங்கேயோ அங்கேதான் ஒழுகல். கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த ஹோஸில் ஓடும் அழுத்தம் தோலைத் துளைத்து ஆயிலை உள்ளே செலுத்திவிடும். முழு லாக்கில், அதாவது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை திருப்பி, ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்கவும் கூடாது. அங்கேதான் அழுத்தம் உச்சத்துக்குப் போய் ஆயில் கொதிக்கும்.

ரேக்கைச் சோதிப்பது இன்னும் எளிது. பூட்டின் உள்பக்கக் கிளிப்பைக் கழற்றி ரப்பரைப் பின்னால் தள்ளுங்கள். உள்ளேயிருந்து ஆயில் ஊற்றினால் ரேக் சீல் போயிருக்கிறது. காய்ந்திருந்தால் அந்தப் பக்கத்து ரேக் சீல்மேல் பழி போடாதீர்கள்.

வியாசர்பாடி வேகம்:
இவ்வளவு வேலை எதற்கு? சீல் ஊற வைக்கும் ஆயில் பாட்டில் கடையில் கிடைக்கிறது. டப்பாவில் ஊற்றினேன், நான்கு நாளில் ஒழுகல் நின்றுவிட்டது. ஒரு வருடம் ஆகிறது.

பெரம்பூர் அக்கா:
நின்றால் சந்தோஷம் தம்பி. எங்கள் வண்டிக்கும் ஊற்றினோம். முதலில் நின்றது, அடுத்த மழைக்கு முன்னால் முன்பைவிட அதிகமாக ஒழுகியது. ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கத்தான் அந்த மருந்தால் முடியும். கிழிந்த சீலையோ வெடித்த ஹோஸையோ அது ஒட்டாது. வண்டியை விற்கப் போகிறவருக்கு வேண்டுமானால் சரி. இவர் தினமும் ஆளேற்றிப் போகிறவர்.

வியாசர்பாடி வேகம்:
அக்கா, எல்லோரிடமும் ரேக் இறக்கப் பணம் இருக்காது. கையில் காசு இல்லாத மாதத்தில் இந்த பாட்டிலும் ஒரு வழி. ரப்பர் காய்ந்து சுருங்கி லேசாகக் கசியும் இடத்துக்கு வேலை செய்கிறது. என் வண்டியில் செய்தது. அதை நான் மாற்றிச் சொல்ல முடியாது.

கொருக்குப்பேட்டை ஸ்பேனர்:
லேசான கசிவு என்றால் ஒத்துக்கொள்கிறேன். பத்து நாளில் கால் லிட்டர் என்பது லேசான கசிவு இல்லை.

எண்ணூர் அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இரண்டு முறை சீல் போட்டார்களே, ரேக் தண்டை வெளியே எடுத்துக் காட்டினார்களா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி தண்ணீரில் நின்றதா?

எண்ணூர் டாக்ஸி:
நின்றது. இரண்டு நாள். தண்டை எல்லாம் யாரும் காட்டவில்லை.

கொருக்குப்பேட்டை ஸ்பேனர்:
அப்படியானால் விஷயம் இதுவாகத்தான் இருக்கும். பூட் கிழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்த் தண்டில் துரு பிடிக்கும். நம் பக்கம் கடல் உப்புக்காற்று வேறு. துரு சின்னச் சின்னக் குழியாகத் தின்றிருக்கும். அதன்மேல் எத்தனை புது சீல் போட்டாலும் குழியின் விளிம்பு பிளேடு மாதிரி அதை அறுத்துவிடும். தண்டில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டும். தட்டினால் சீல் கிட் தண்டம், ரேக்கைத்தான் மாற்ற வேண்டும். வழுவழுப்பாக இருந்தால் சீல் கிட் வருடக்கணக்கில் வரும். உங்களுக்கு சீல் துரோகம் செய்யவில்லை. தண்டைப் பார்க்காமல் போட்ட கைதான் தவறு செய்தது.

எண்ணூர் டாக்ஸி:
சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், நாள் கூலிக்கு ஓடுகிறவன் ரேக்கை இறக்கி, பிரித்து, பார்த்து, சீல் வரும்வரை காத்திருந்தால் இரண்டு மூன்று நாள் வருமானம் போகும். பழைய ரேக் என்றால் ஒரே நாளில் மாட்டிவிடலாம். அந்தக் கணக்கையும் பாருங்கள்.

பெரம்பூர் அக்கா:
ரேக்கை இறக்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்டீயரிங்கைக் கட்டி வைத்துவிட்டுத்தான் கீழே இணைப்பைக் கழற்ற வேண்டும். எங்கள் வண்டியில் கட்டாமல் கழற்றி, ஸ்டீயரிங் சுற்றிவிட்டது. ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் சுருள் வயர் அறுந்து, ஹாரன் போயிற்று, ஏர்பேக் விளக்கு எரிந்தது. தனியாக ஒரு தொகை அழுதோம். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்ப்பதும் கட்டாயம்.

கொருக்குப்பேட்டை ஸ்பேனர்:
அக்கா சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரேக் வாங்கினாலும் இரண்டு பக்க பூட்டையும் திறந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதுவும் எந்தத் தண்ணீரில் நின்ற வண்டியோ.

காசிமேட்டுக்காரன்:
நேற்று ஞாயிறு, கொருக்குப்பேட்டை அண்ணன் சொன்னபடியே செய்தோம். எங்கள் தெருவில் டூவீலர் பார்க்கும் பையன் கூட இருந்தான்.

பவுடரில் கோடு இறங்கியது, ஆனால் ரேக்கிலிருந்து இல்லை. மேலே பிரஷர் ஹோஸில் ரப்பரும் இரும்பு பைப்பும் சேரும் இடத்தில் முத்து முத்தாக ஆயில் நின்று, அங்கிருந்து கோடு போட்டுக் கீழே வந்தது. இடது பூட்டைத் திறந்தோம், உள்ளே கிரீஸ் மட்டும்தான். பம்புக்குப் போகும் ஹோஸின் கிளிப் கையாலேயே சுற்றியது. டப்பாவைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசினால் வலையிலிருந்து கறுப்புக் கசடு ஒரு ஸ்பூன் அளவு வந்தது.

இன்று காலை மாதவரம் பக்கம் லாரிகளுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் போடும் கடையில் ஹோஸைக் கொடுத்தேன். பழைய இரும்பு முனைகளை வைத்தே பவர் ஸ்டீயரிங் ஹோஸ் அடித்துத் தந்தார்கள். கிளிப், செம்பு வாஷர், ஆயில் எல்லாம் சேர்த்து 3,400. முன் சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை அணைத்த நிலையில் லாக்கிலிருந்து லாக் வரை இருபது முறை மெதுவாகத் திருப்பிக் காற்றை எடுத்தோம். டப்பாவில் குமிழி வருவது நிற்கும்வரை ஆயில் ஊற்றினோம். ஸ்டார்ட் செய்தேன். முனகல் இல்லை. மூலக்கடை வரை போய்த் திரும்பினேன், ஆயில் அளவு அப்படியே இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். வலது பூட்டைத் திறந்தபோது உள்ளே லேசான ஈரம் இருந்தது. சொட்டவில்லை, விரலில் ஒட்டும் அளவுதான்.

எண்ணூர் டாக்ஸி:
சந்தோஷம் தம்பி. 38,600 மிச்சம். ஆனால் அந்த வலது பக்க ஈரம்தான் ஆரம்பம். இப்போதே ஒரு நல்ல ரேக் பார்த்து வையுங்கள்.

வியாசர்பாடி வேகம்:
இந்த அளவு ஈரத்துக்குத்தான் நான் சொன்ன பாட்டில்.

கொருக்குப்பேட்டை ஸ்பேனர்:
இரண்டும் இப்போது வேண்டாம். பூட்டின் உள்ளே துடைத்துவிட்டு, கிளிப்பைச் சரியாக மாட்டுங்கள். கிழிசல் இருந்தால் பூட்டை மட்டும் உடனே மாற்றுங்கள், மழை வருகிறது. டப்பாவில் ஆயில் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து, காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள். இறங்கியிருந்தால் வண்டியை என்னிடம் கொண்டுவாருங்கள், தண்டைக் கழற்றி உங்கள் கையாலேயே நகத்தை ஓட்டிப் பார்த்துவிடலாம்.

காசிமேட்டுக்காரன்:
கோடு போட்டுவிட்டேன் அண்ணே. அடுத்த மாதம் இதே இடத்தில் எழுதுகிறேன்.