கிராம சபையில் தண்ணீர் மீட்டர் தீர்மானம்: உங்கள் ஊரில் நடந்தது என்ன?

புளியமரத்தெரு:
வீடுகளுக்கு வரும் தண்ணீரை மீட்டர் வைத்து அளக்கும் தீர்மானம் எங்கள் ஊருக்கும் வந்தது. அக்டோபர் 2 அன்று பள்ளி வளாகத்தில் கூடிய எங்கள் கிராம சபையில், நுழைந்தவுடனேயே ஒரு நீளமான பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். வருகைக்குத்தான் என்று நினைத்து நானும் போட்டேன், எனக்கு முன்னால் நின்ற பெரியம்மா கைரேகை வைத்தார். வீட்டுக் குழாய்களுக்கு மீட்டர் பொருத்தும் அந்தத் தீர்மானம் வந்தபோது அவர் எழுந்து, "ஒரு நாள் விட்டு ஒரு நாள் முக்கால் மணி நேரம் வருகிற தண்ணியையும் அளந்தா நாங்க எங்கே போறது?" என்று கேட்டார். பதில் இல்லை. கைதூக்கச் சொல்லவும் இல்லை. அடுத்த நிமிடம் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று வாசித்துவிட்டார்கள். விரலில் ஒட்டியிருந்த மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "அப்போ நான் எதுக்கு ரேகை வெச்சேன்?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார். மீட்டர்மீது எனக்கு எதிர்ப்பு இல்லை. அந்தக் கேள்விக்குத்தான் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கடைமடைக்காரன்:
மீட்டர்மீது எதிர்ப்பு இல்லை என்று நீங்கள் எழுதியதை ஏற்க முடியவில்லை. எங்கள் தெருவில் முன்னோட்டமாகச் சில வீடுகளுக்கு மீட்டர் வைத்தார்கள், என் வீடும் அதில் ஒன்று. தண்ணீர் விடும் நாளில் அதிகாலை ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்து குடத்தை வைத்துக் காத்திருந்தேன். முதலில் சீறியது காற்றுதான். ஒரு சொட்டு விழுவதற்கு முன்பே மீட்டர் முகப்பிலிருந்த சிறு சக்கரம் பம்பரமாகச் சுழன்றது. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விட்டு விட்டு வரும் தண்ணீருக்கு மீட்டர் வைத்தால், குழாயில் அடைந்திருக்கும் காற்றுக்கும் சேர்த்துத்தான் கணக்கு ஓடும்.

மேட்டுவளவு:
காற்றுப் பிரச்சினை உண்மைதான், ஆனால் அதற்காக மீட்டரே வேண்டாம் என்பது மேட்டில் இருப்பவர்களின் வயிற்றில் அடிப்பது. வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. ஐந்து பேர் உள்ள என் வீட்டுக்கு 275 லிட்டர் வர வேண்டும், வருவது நான்கு குடம். கீழே ஒருவர் குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சித் தென்னைக்குப் பாய்ச்சுகிறார். எங்கள் சபையில் முறையாகக் கைதூக்கச் சொன்னார்கள். மீட்டருக்கு ஆதரவாக முதலில் உயர்ந்த கை அவருடையது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு இரண்டு இணைப்பு இருப்பதும், அதில் ஒன்று ஊராட்சிக் கணக்கிலேயே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பழைய கணக்கர்:
எங்கள் ஊரில் தீர்மானம் தோற்றது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் மேலே எழுதிய மூவரும் செய்யத் தவறியதைச் சொல்லியாக வேண்டும். கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கட்டாயம் வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள் எண்ணிக்கை உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். முதலில் தலைகளை எண்ணுங்கள். பதிவேட்டின் தலைப்பை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மறுப்பு இருந்தால் அதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கவும் சொல்லுங்கள். தீர்மான நகலையும் வருகைப் பதிவேட்டின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஸ்டாம்ப்) ஒட்டி, பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். கடைமடைக்காரர் 20 லிட்டர் கேனை நிரப்பி, முன்னும் பின்னும் மீட்டரில் உள்ள எண்களைக் குறித்து வைக்கட்டும். கறுப்பு எண்கள் கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர். சிவப்பு எண்கள் அதற்கும் குறைவான லிட்டர் அளவுகள். ஐம்பது கேனுக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் ஓடினால் அந்தத் தாளையே புகாருடன் இணைக்கலாம். மேட்டுவளவுக்காரர் மோட்டாரைப் பற்றி எழுத்தில் கொடுத்தாரா என்று தெரியவில்லை. வாயால் சொன்ன புகார் கோப்பில் ஏறாது.

கலிபோர்னியாவிலிருந்து:
நான் இருக்கும் ஃப்ரெஸ்னோ நகரத்தில் 1992-இல் மக்கள் வாக்குச்சீட்டிலேயே வீட்டு மீட்டரை மறுத்தார்கள். பிறகு வந்த மாநிலச் சட்டம் 2013-க்குள் பொருத்தியே ஆக வேண்டும் என்றது, பொருத்தினார்கள். எனக்கு முன்பே இங்கு குடியேறிய பக்கத்து வீட்டுப் பெரியவர், வெயிலில் காய்ந்த தன் புல்தரையைக் காட்டி, "இதற்கு எதிராகத்தான் வாக்களித்தேன்" என்றார். முறையாக எண்ணிய வாக்குக்கே கதி இதுதான் என்பதால், எண்ணாத வாக்குக்காகப் பழைய கணக்கர் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றுகிறது.

புளியமரத்தெரு:
மெனக்கெடத்தான் வேண்டும், ஐயா. எங்கள் ஊர் 3,000-ஐத் தாண்டியது. 200 பேர் வந்திருக்க வேண்டும். அன்று போட்டிருந்த நாற்காலிகள் அறுபது, மரத்தடியில் நின்றவர்களைச் சேர்த்தாலும் நூறு தேறாது. நகல் கேட்டு மனு எழுதிவிட்டேன். பெரியம்மா தன் பெயரிலும் ஒன்று எழுதச் சொன்னார். முழுதும் இரண்டு முறை வாசிக்கவைத்துக் கேட்ட பிறகுதான் விரலை நீட்டினார்.