கிராபிக்ஸ் கார்டு வாங்கினதுல இன்னும் மனசுல உறுத்துற சம்பவம் இருந்தா சொல்லுங்க

நீலபோர்ட்:
முதல்ல என்னோடது. செகண்ட் ஹேண்ட்ல என்விடியாவோட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. வித்தவர் அவர் சிஸ்டத்துலயே ஓடவிட்டுக் காட்டினார். டிவைஸ் மேனேஜர்ல பேர் சரியா இருந்துச்சு, டிஸ்ப்ளே செட்டிங்ல மெமரி 4 ஜிபின்னும் காட்டுச்சு. கழட்டி கவர்ல போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஸ்லாட்ல அழுத்திட்டு ஸ்க்ரூ போடப் போறப்பதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். டிவிஐ, எச்டிஎம்ஐ, அதுக்குப் பக்கத்துல நீலக் கலர்ல விஜிஏ போர்ட். மூணு வரிசையா 15 ஓட்டை. விஜிஏ அனலாக் போர்ட். 1050 டிஐல இருக்கிற பாஸ்கல் தலைமுறை சிப்புல அனலாக் அவுட்புட்டே எடுத்துட்டாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். கையில திருப்புளியோட அப்படியே உட்கார்ந்துட்டேன்.

கார்டுல நிஜமா என்ன சிப் இருக்குன்னு காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேர்ல பேருக்கு முன்னாடியே ஃபேக்னு (போலி) வந்துச்சு. சிப் ஜிஎஃப்116, அதாவது 2011ல வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. கார்டு தன் பேரைச் சொல்ற பயாஸை (கார்டுக்குள்ளே இருக்கிற சின்ன புரோகிராம்) மாத்தி எழுதியிருக்காங்க. 768 கோர் இருக்க வேண்டிய இடத்துல 192. போன் அடிச்சா எடுக்கவே இல்ல. பணம் போனதைக்கூட விட்டுடலாம். "நான் ஆசையா வாங்கினது தம்பி, பத்திரமா வெச்சுக்கோ"ன்னு சொல்லிக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துது.

திருப்புளி:
எனக்குப் புதுக் கார்டுதான், பவர் சப்ளைதான் பழசு. 450 வாட். கார்டு ரெண்டு 8 பின் பவர் கனெக்டர் கேட்டுச்சு, சப்ளைல இருந்தது ஒண்ணு. இன்னொண்ணுக்கு மோலெக்ஸ் (பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போடுற 4 பின் பவர் கனெக்டர்) அடாப்டர் போட்டேன். மெனு வரைக்கும் ஒண்ணும் இல்ல. முதல் சண்டை ஆரம்பிச்ச உடனே உள்ளே டக்னு ஒரு சத்தம். ஸ்க்ரீன் போச்சு, ஃபேன் எல்லாம் ஓய்ஞ்சு நிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு. புத்தியில்லாம மறுபடி ஆன் பண்ணினேன். இந்தத் தடவை கருகல் வாசனை. கழட்டிப் பார்த்தா மஞ்சள் வயர் போற இடத்துல வெள்ளை பிளாஸ்டிக் உருகி பின்னோட ஒட்டிக்கிட்டு இருக்கு. கார்டு தப்பிச்சுது. ஆனா இப்பவும் லோடிங் ஸ்க்ரீன் வந்தா காது தானா கேபினட் பக்கம் போகுது. வாட் அதிகமா வாங்குங்க, அவ்வளவுதான்.

நீலபோர்ட், ஜிபியு-இசட்டை அவர் வீட்டிலேயே ஓடவிட்டிருக்கலாமே?

அறுபதுஹெர்ட்ஸ்:
வாட் அதிகமா வாங்குங்கன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க திருப்புளி. படிக்கிறவங்க ஆயிரம் வாட்டுக்கு ஓடுவாங்க. உங்களைக் கவுத்தது அடாப்டர். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் 75, 8 பின் 150. ரெண்டு 8 பின் இருக்கிற கார்டுன்னா 375 வரைக்கும் இழுக்க வழி இருக்கு. அதுல 150ஐ அந்த மெல்லிசு மோலெக்ஸ் வயர் வழியா அனுப்பினா உருகாம என்ன செய்யும்? சப்ளை ஸ்டிக்கர்ல 12 வோல்ட் ரெயிலுக்கு (கார்டுக்குப் பவர் தர்ற லைன்) எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கும், அதைப் பாருங்க. 30 ஆம்பியர்னா 360 வாட்தான், மேலே 450ன்னு எவ்வளவு பெரிசா அச்சடிச்சிருந்தாலும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். பேரை மட்டும் பார்த்து வாங்காதீங்க. ஜிடிஎக்ஸ் 1060ல 6 ஜிபிக்கு 1280 கோர், 3 ஜிபிக்கு 1152. மெமரி மட்டும் குறைச்சல்னு நினைச்சு வாங்கினவங்க நிறைய. ஆர்டிஎக்ஸ் 3060ல 12 ஜிபிக்கு மெமரிப் பாதை 192 பிட் அகலம், 8 ஜிபிக்கு 128 பிட்தான். ஜிடி 1030ல ஜிடிடிஆர்5 மெமரி போட்டது இருக்கு, டிடிஆர்4 போட்டதும் இருக்கு. டிடிஆர்4ல பேண்ட்விட்த், அதாவது மெமரி வேகம், பாதிகூட வராது. முதல்ல மானிட்டர் என்ன ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ்னு பாருங்க. அப்புறம் நீங்க நிஜமா ஆடுற கேம் எவ்வளவு விராம் (கார்டோட மெமரி) கேட்குதுன்னு பாருங்க. கார்டு அதுக்கு அப்புறம்தான்.

என் சம்பவம் சின்னது. மானிட்டரோட எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகிட்டு மூணு வாரம் ஆடியிருக்கேன். கார்டு சும்மா கிடந்திருக்கு. தூசி துடைக்கப் போன தம்பி, "அண்ணா, இந்த ஓட்டையில எல்லாம் மூடி இன்னும் அப்படியே இருக்கே"ன்னு கார்டு பக்கத்தைக் காட்டினான்.

ரம்பம்:
அறுபதுஹெர்ட்ஸ், சம்பவம் கேட்டா பாடம் எடுக்கறீங்க. ஆம்பியர் கணக்கு சரி, ஒத்துக்கறேன். ஆனா மானிட்டர்தான் முதல்லன்னு அடிச்சுச் சொல்லாதீங்க. கார்டு அஞ்சு வருஷம் இருக்கும், மானிட்டரை நடுவுல மாத்தலாம்.

நான் நீளத்தைப் பார்க்கல. கார்டு 31 செ.மீ., கேபினட்ல இடம் 29. திருப்பிக் கொடுக்க மனசு வரல. ஹார்ட் டிஸ்க் கூண்டை ரம்பத்தால அறுத்தேன், மதர்போர்டைக் கழட்டாமலே. முடிச்சுட்டு டார்ச் அடிச்சா ராம் ஸ்லாட்டுக்குள்ளே இரும்புத்தூள் மினுக்குது. பிரஷ் வெச்சு ராத்திரி முழுக்க எடுத்தேன். ஓடுது. ஆனா கேம் நடுவுல எப்போ உறைஞ்சு நின்னாலும் அந்த மினுக்கல்தான் கண்ணுக்குள்ளே வருது.

நீலபோர்ட்:
திருப்புளி கேட்டதுக்கு. பென் டிரைவ்ல ஜிபியு-இசட்டைப் போட்டுப் பாக்கெட்லயே வெச்சிருந்தேன். அவர் அவ்வளவு அன்பாப் பேசினப்போ எடுத்துச் சோதிக்கக் கூச்சமா இருந்துச்சு.

அந்தக் கார்டை யாருக்கும் தள்ளிவிடல. 550 டிஐயோட அசல் பயாஸைத் தேடி மறுபடி எழுதினேன். இப்போ சொந்தப் பேரோட, 1 ஜிபின்னு காட்டுது. மேஜை டிராயர்ல இருக்கு.