எம்.ஐ.சி. – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.
பாரசீக மூலிகைகள் நோய்க்கிருமிகளிடம் எடுபடுமா என்று ஈரானில் செய்யும் சோதனைகளைப் பற்றி ஒரு பாடம் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஷிராசி ஆவிஷன் என்ற செடியின் எண்ணெயைக் குழாய்க்குக் குழாய் பாதியாகக் குறைத்துக் கலந்து, ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியை விட்டு, 37 டிகிரியில் ஓர் இரவு வைக்கிறார்கள். மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள குழாய் தெளிவாக இருந்து, 1 உள்ளது கிருமி வளர்ந்து கலங்கிவிட்டால், 2தான் எம்.ஐ.சி., அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு. 'குறைந்தபட்ச வளர்ச்சித் தடுப்புச் செறிவு' அட்டவணைக் கட்டத்தில் அடங்கவில்லை. சின்னதாக ஏதாவது?
– செ.

தம்பி, 'தடுசெறிவு' போதும். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. நடுவில் ச் போட்டுவிடாதீர்கள், வலி மிகாது. கிருமியைக் கொன்றே தீர்க்கும் அளவுக்குக் 'கொல்செறிவு'. கொல்களிறு இருக்கிறதே!
ஆவிஷன் என்பதும் நம் 'ஆவி'யாகத்தான் இருக்க வேண்டும். மூக்கடைத்தால் ஆவி பிடிக்கிறோம் அல்லவா?
– இரா., ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, ஒலி ஒத்தால் மட்டும் போதுமா? பழைய வடிவம் ஒன்றைக் காட்டுங்கள். உறவுதான் வேண்டுமென்றால் எண்ணெயில் இருக்கிறது. ஆவிஷனில் உள்ள தைமால் என்ற வேதிப்பொருள்தான் நம் ஓமத்திலும்.
அப்புறம், 'பாரசீகம்' பழைய பெயர். 'ஈரானிய மருத்துவம்' என்று போடலாமே.
– கு.

ஈரானிய என்றால் பாதி விடுபடும். மருத்துவர் இபின் சீனா இன்றைய உஸ்பெகிஸ்தானின் புகாரா பக்கத்தில் பிறந்தவர், 1037இல் ஈரானின் ஹமதானில் இறந்தார், 'கானூன்' என்ற மருத்துவ நூலை எழுதியது அரபியில். 'மக்சன் அல்-அத்வியா' என்ற மருந்து நூல் பாரசீக மொழி நூல்தான், ஆனால் எழுதியது 18ஆம் நூற்றாண்டு இந்தியாவில். எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பீர்கள்?
– நா.

இழைத் தலைப்பு எம்.ஐ.சி. என்பதை நினைவூட்டுகிறேன்!
கொல்செறிவு அருமை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 'தடுசெறிவு' வகுப்பில் நிற்காது. 2இல் வளராதது 4இலும் 8இலும் வளராது. எல்லாமே தடுக்கும் செறிவுதான். மாணவன் 8 என்று எழுதினால் எப்படித் தப்புப் போடுவேன்?
– மீ., நுண்ணுயிரியல் ஆசிரியை

கொதிநிலையில் 'குறைந்தபட்ச' எங்கே இருக்கிறது? அதுவும் வினைத்தொகைதான் அம்மா.
– இரா.

நிலை என்றால் ஒரு புள்ளி ஐயா. செறிவு அப்படி இல்லை.
– மீ.

சரி, எல்லை என்ற பொருளில் 'தடுவரை', 'கொல்வரை'.
– இரா.

வரை மலையும்தானே? கொல்வரை என்றதும் எனக்குக் கொல்லிமலைதான் வருகிறது. 'குறைதடுசெறிவு' என்போம்.
– கு.

தடுப்பைக் குறைக்கும் செறிவு என்றாகிவிடும்! வேண்டவே வேண்டாம். கிருமி பரப்பிய தட்டில் மருந்து நனைத்த வில்லையைச் சுற்றித் தெரியும் தெளிந்த இடத்துக்கு மட்டும் 'கொல்வட்டம்' வைத்துக்கொள்ளுங்கள்.
– இரா.

அதுவும் கூடாது ஐயா. அங்கே கிருமி செத்ததா, வளராமல் கிடக்கிறதா என்று வட்டம் சொல்லாது. எண்ணெய் தட்டிலுள்ள அகார் கூழில் சரியாகப் பரவுவதும் இல்லை. வட்டம் சிறுத்தால் மருந்து சோடை என்று எழுதிவிடுவார்கள். 'தடுவட்டம்' போதும்.
– மீ.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் பெருமம், சிறுமம் இருக்கின்றனவே. 'சிறுமத் தடுசெறிவு' என்றால் என்ன?
– நா.

நாளை வெள்ளி. நா., கு. இருவரும் சரி என்கிறார்கள். மீ. அம்மா எதிர்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு 'சிறுமத் தடுசெறிவு' என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் எம்.ஐ.சி. இருக்கும்.
– செ.

எதிர்க்கவில்லை. ஆனால் வகுப்பில் எம்.ஐ.சி. என்றுதான் சொல்வேன்.
– மீ.

'சிறும' வெறும் சுமை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆவி பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.
– இரா.