இழுத்தாரா, தொட்டாரா? கும்பிடுபூச்சி சட்டை உரித்த தகராறு

வெண்ணாற்றங்கரை:
நேற்று நம் குழுவில் குடமுருட்டித் தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "கும்பிடுபூச்சி சட்டை உரிக்கும்போது முன்னங்கால் மாட்டிக்கொண்டால் பயப்படாதீர்கள். ஈரப் பிரஷ்ஷால் தொட்டு லேசாக இழுத்தால் போதும், என் பூச்சி பிழைத்துவிட்டது" என்கிறார். அதற்கு 17 லைக் வேறு. நாளைக்கே எவனாவது பள்ளிக்கூடப் பையன் இதைப் படித்துவிட்டுக் காலைப் பிடுங்கிக் கையில் கொடுப்பான்.

சட்டைக்குள்ளிருந்து வரும் புதுக்கால் தண்ணீரில் நனைந்த அப்பளம் மாதிரி இருக்கும். இறுகுவதற்குச் சில மணி நேரமாவது ஆகும். அதற்குள் வளைந்தால் வளைந்ததுதான். பூச்சி தலைகீழாகத் தொங்குவது வேடிக்கைக்கா? தன் எடையாலேயே சட்டையை விட்டுக் கீழே வழுக்கி வருவதற்கு. நகம் மாட்டப் பிடிமானம் வேண்டும், கீழே இடம் வேண்டும். இரண்டு அங்குலப் பூச்சிக்கு ஆறு அங்குல உயரமாவது வேண்டும். தம்பி படத்தில் இருப்பது ஊறுகாய் பாட்டில், ஐந்து அங்குலம்கூடத் தேறாது. அதெல்லாம் அப்புறம். என் கேள்வி ஒன்றுதான்: இழுத்தீர்களா, இல்லையா?

குடமுருட்டி:
ஐயா, நீங்கள் கேட்பதால் நடந்ததை அப்படியே சொல்கிறேன். ராஜகிரியில் கொடிக்கால் ஓரமாகப் பிடித்த பூச்சி அது. மூன்று நாளாக ஈயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகில் சிறகு மொட்டு இரண்டும் உப்பிக்கொண்டு நின்றது. ராத்திரி பதினொரு மணிக்கு முதுகு வெடித்தது. தலை வந்தது, மார்பு வந்தது, வலது கை வந்தது. இடது கை மட்டும் சட்டைக்குள்ளேயே. அரை மணி நேரம் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. பையனுடைய வாட்டர் கலர் பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துச் சட்டையை மட்டும் தொட்டேன். தோல் இளகியது, அது தானாக உருவிக்கொண்டது. தொட்டேன், இழுக்கவில்லை.

வெண்ணாற்றங்கரை:
"லேசாக இழுத்தால் போதும்" என்று எழுதியது யார், உங்கள் பையனா?

குடமுருட்டி:
அது பேச்சுவாக்கில் எழுதியது. தொடுவதைத்தான் அப்படிச் சொன்னேன்.

அரசலாறு அக்கா:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். படத்தில் பாட்டிலின் அடியில் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கிறதே, அது என்ன கதை? உரிக்கப்போகிறது என்று தெரிந்ததுமே இரையை வெளியே எடுத்துவிட வேண்டாமா? பூச்சி அசைய முடியாமல் தொங்கும் நேரத்தில் அது மேலே ஏறி இடித்தால் போதும், பிடி விட்டுக் கீழே விழுந்துவிடும். சுவர்க்கோழியாக இருந்தால் கடித்தே தின்றுவிடும், என் வீட்டில் நடந்திருக்கிறது. இன்னொன்று, தம்பி ஃபேன் போட்டிருந்தாரா? ஐப்பசியில் கும்பகோணத்தில் துணியே காயாது, அப்போது தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் ஃபேனுக்கு அடியில் வைத்தால் சட்டை காய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

வெண்ணாற்றங்கரை:
அக்கா, வெட்டுக்கிளியை அப்புறம் பார்க்கலாம். தம்பி தன் வாயாலேயே சிறகு மொட்டு உப்பியது என்று சொல்லிவிட்டார். அப்படியானால் அது கடைசிச் சட்டை. சின்னப் பூச்சி என்றால் கால் போனாலும் அடுத்தடுத்த உரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்துவிடும். சிறகு வந்தபிறகு அடுத்த உரிப்பு ஏது? கால் போனால் போனதுதான். இது தெரிந்துமா இழுத்தீர்கள்?

குடமுருட்டி:
தொட்டேன்.

வடவாறு:
முதலில் அதன் பெயர் கும்பிடுபூச்சி இல்லை. தயிர்க்கடைப் பூச்சி. எங்கள் பாட்டி, அவருடைய பாட்டி எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பெயரே தெரியாதவர்கள் வைத்தியம் பார்க்க வந்துவிட்டார்கள்.

அரசலாறு அக்கா:
எங்கள் பக்கம் பெருமாள் பூச்சி என்பார்கள். இப்போது அதற்கென்ன?

வெண்ணாற்றங்கரை:
நீங்கள் எந்த வடவாறு? தஞ்சாவூரில் ஓடும் வடவாற்றின் கரையா, வீராணம் ஏரிக்குப் போகிற வடவாற்றின் கரையா? அது தெரிந்தால் உங்கள் பாட்டியை நம்பலாமா என்று சொல்கிறேன்.

வடவாறு:
தஞ்சாவூர்தான். என் பாட்டியை விடுங்கள். போன தையில் நீங்கள் கொடுத்த முட்டைக்கூட்டை மறந்துவிட்டீர்களா? "நூறு குஞ்சு வரும்" என்றீர்கள். ஒரு மாதம் காத்திருந்தேன். வந்ததெல்லாம் பொடிப்பொடியாகக் குளவி! ஒரு குஞ்சுகூட இல்லை.

வெண்ணாற்றங்கரை:
கூட்டுக்குள் குளவி முட்டை வைத்துவிட்டுப் போனால் நான் என்ன செய்வேன்? அந்தக் குளவி தாய்ப்பூச்சியின் மேலேயே சவாரி செய்து, அது கூடு கட்டும் நேரம் பார்த்து உள்ளே முட்டையை இறக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பிரம்மாவுக்கே தெரியாது. 30 வருடமாகப் பூச்சி பார்க்கிறேன், வடவாறு எனக்குப் பாடம் நடத்துகிறார்.

குடமுருட்டி:
30 வருடமாகப் பூச்சியும் பார்க்கிறார், குறுவைக்கு மருந்தும் அடிக்கிறார். நான் ஒரு பூச்சியின் காலைத் தொட்டது பாவம், ஐயா ஒரு டேங்க் மருந்தில் வயலோடு முடித்துவிடுவது புண்ணியம்.

வெண்ணாற்றங்கரை:
என் வயலுக்கு மருந்து அடித்து ஆறு வருடம் ஆகிறது. ஜூன் 12 மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் படும் பாட்டில் மருந்து வாங்கக் காசு ஏது? பேச்சை மாற்றாதீர்கள். பூச்சி இப்போது எப்படி இருக்கிறது?

குடமுருட்டி:
நன்றாக இருக்கிறது. சிறகு சுருக்கமில்லாமல் விரிந்துவிட்டது. இரண்டு நாள் சாப்பாடு போடவில்லை. நேற்று இடுக்கியில் ஒரு ஈயைக் காட்டினேன், வாங்கித் தின்றது. இப்போது ஜன்னல் திரையில் தொங்குகிறது. இடது கை நுனி மட்டும் ஒரு நெல்மணி அளவுக்கு உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. அதனால் ஒன்றும் குறைச்சல் இல்லை.

வெண்ணாற்றங்கரை:
மடங்கியிருக்கிறது! எல்லாரும் படித்துக்கொள்ளுங்கள். இழுத்ததால்தான் மடங்கியது.

குடமுருட்டி:
அரை மணி நேரம் சட்டைக்குள் மாட்டியிருந்ததால் மடங்கியது. தொடாமல் விட்டிருந்தால் பூச்சியே போயிருக்கும்.

வெண்ணாற்றங்கரை:
நல்ல உயரமான டப்பாவில், வாய்க்குக் கொசுவலைத் துணி கட்டி வைத்திருந்தால் தொடவே வேண்டியிருக்காது. வழவழக் கண்ணாடியில் அது எதைப் பிடிக்கும்? இதைத்தான் போன கார்த்திகையிலும் எழுதினேன், யார் படித்தீர்கள்? என் அத்தை பேரனிடம் ஒரு பூச்சி இருந்தது, இதே ஊறுகாய் பாட்டில், இதே கதை. முதுகு வெடித்தபிறகு கீழே விழுந்தது. மேலே தூக்கித் தொங்கவிடலாமா என்று கேட்டு ராத்திரி ஒரு மணிக்கு எனக்குப் போன். அதைச் சொன்னால் நீளும்.

வடவாறு:
குளவியைப் பற்றிய பதில் போதாது. வேறு கூடு தருவீர்களா, மாட்டீர்களா?

அரசலாறு அக்கா:
அந்த வெட்டுக்கிளியை எடுத்தீர்களா தம்பி? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
இரண்டாவது தடவைதான் அக்கா, எண்ணிப் பாருங்கள். தம்பி, கேள்வி அப்படியே இருக்கிறது. இழுத்தீர்களா, இல்லையா?