பெரியப்பாவின் ஐரோப்பா: குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

*பெரியப்பா, காலை 7.12*
அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் ஐரோப்பா போவதென்று நானும் பெரியம்மாவும் முடிவு செய்துவிட்டோம். பத்து நாளில் ஏழு நாடு என்று ஒரு பயண நிறுவனம் திட்டம் அனுப்பியிருக்கிறது. இரண்டு வேளை இந்தியச் சாப்பாடும் உண்டாம். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*அத்தை, 7.20*
அண்ணா, நாங்கள் அப்படித்தான் போய் வந்தோம். விடியுமுன் எழுந்து பெட்டியைக் கட்ட வேண்டும். பகலெல்லாம் பஸ்ஸில் தூக்கம். பாரிஸ் கோபுரத்துக்கு எதிரே இறக்கிவிட்டார்கள். படம் எடுத்து முடிப்பதற்குள் மறுபடி பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். அண்ணியின் முழங்காலுக்கு இது ஒத்துவராது.

*கார்த்தி, 7.31*
ஆனால் சாப்பாடு, மொழி, பாதுகாப்பு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களே அத்தை. அப்பாவும் அம்மாவும் தனியாகப் போனால் எனக்கு இங்கே பெங்களூரில் தூக்கம் வராது.

*மீனா, 7.48*
பெரியப்பா, ஏழு நாடு வேண்டாம். ஒரே ஊர் போதும். போர்ச்சுகலின் லிஸ்பனுக்குப் போய்ப் பத்து நாளும் அங்கேயே இருங்கள். பெட்டியை ஒருமுறை திறந்தால் திரும்பும் நாளில்தான் மூட வேண்டும். கால் வலித்தால் அன்றைக்கு வெளியே போகாமல் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கலாம். மூன்றாம் நாளே மூலையிலிருக்கும் காபிக் கடைக்காரருக்கு உங்கள் முகம் பழகிவிடும். நான் அங்கே படித்த காலத்தில் எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனதே இப்படித்தான்.

*பெரியம்மா, 7.55*
லிஸ்பன் முழுக்க மேடு என்கிறார்களே மீனா?

*மீனா, 8.09*
மேடுதான் பெரியம்மா. அதனால்தான் தங்குமிடத்தைப் பாய்ஷா பகுதியில் எடுக்கச் சொல்கிறேன். குன்றுகளுக்கு நடுவே ஆற்றை ஒட்டிய சமதளம் அது. மேலே ஏறுவதற்கும் வழி இருக்கிறது. பாய்ஷா–ஷியாது மெட்ரோ நிலையத்துக்குள்ளேயே நகரும் படிகள் வரிசையாக இருக்கின்றன. கீழ்த்தெருவில் நுழைந்து ஏறினால் மேட்டிலுள்ள ஷியாதுச் சதுக்கத்தில் வெளியே வரலாம். கோட்டைப் பக்கம் போக, ஃபான்கெய்ரூஷ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் பொது லிப்ட் இருக்கிறது. அதில் ஏறிச் சிறிது தூரம் நடந்தால் ஒரு சூப்பர் மார்க்கெட்டை ஒட்டி இரண்டாவது லிப்ட். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஊர்க்காரப் பாட்டிகள் காய்கறிப் பையோடு அதில்தான் ஏறுகிறார்கள்.

செருப்பு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள் பதித்தது. மழை பெய்தால் வழுக்கும், அக்டோபர் கடைசியில் மழை வரும். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ரப்பர் காலணி வாங்கிக்கொள்ளுங்கள்.

*பெரியப்பா, 8.20*
வரைபடத்தில் பார்த்தேன். சுற்றிலும் சந்தும் பொந்துமாக இருக்கிறது, அந்தப் பகுதி மட்டும் சதுரங்கக் கட்டம் போல இருக்கிறதே?

*சித்தப்பா, 8.34*
அண்ணா, அது 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டியது. நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். காலை நேரம், தேவாலயங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. முதலில் நிலம் ஆடியது, பிறகு ஆற்று வழியே ஆழிப்பேரலை வந்தது, அதன்பின் நாள்கணக்கில் தீ எரிந்தது. பின்னாளில் பொம்பால் பிரபு ஆன அமைச்சர்தான் அந்த இடத்தைத் திட்டமிட்டு மறுபடி எழுப்பினார்.

*மீனா, 8.47*
பொதுப்பணித் துறையில் இருந்த உங்களுக்கு அது பிடிக்காமல் போகாது பெரியப்பா. அந்தக் கட்டடங்களின் சுவருக்குள் மரச்சட்டங்களைப் பெருக்கல் குறி போலக் குறுக்கும் மறுக்குமாகப் பிணைத்துக் கூண்டு செய்து, அதைக் கல்லும் சாந்தும் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள். நிலம் ஆடினால் மரமும் சேர்ந்து ஆடிக்கொடுக்கும். அடியில் ஈர மண் என்பதால் பைன் மரக் கழிகளை அறைந்து அவற்றின் மேல் அடித்தளம் போட்டார்கள். நிலத்தடி நீரில் மூழ்கியிருப்பதால்தான் அந்த மரம் இன்னும் உளுக்காமல் இருக்கிறது. கொரெய்ரூஷ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அடியில் அகழாய்வு செய்த இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் கழிகளையும், அவற்றுக்கும் கீழே ரோமானியர் மீன் உப்புப்போட்ட தொட்டிகளையும் அங்கே நேரில் பார்க்கலாம்.

*பெரியப்பா, 8.51*
மரக் கழியின் மேலா? அதை நான் பார்த்தே ஆக வேண்டும்.

*கார்த்தி, 9.02*
சரி, அம்மா என்ன சாப்பிடுவார்கள்? முட்டைகூடத் தொடமாட்டார்கள். அங்கே எங்கே பார்த்தாலும் மீன்.

*மீனா, 9.25*
உண்மைதான். உப்பிட்டுக் காயவைத்த காட் மீன் இல்லாமல் அவர்களுக்கு விருந்தே கிடையாது. பெலெங் பகுதியில் 1837 முதல் விற்கும் கஸ்டர்ட் பணியாரம் முழுக்க முட்டை மஞ்சள் கரு. அது பெரியப்பாவுக்கு மட்டும். உருளைக்கிழங்கும் கீரையும் போட்ட பச்சைச் சூப் பார்க்கச் சைவமாகத் தெரியும், ஆனால் மேலே பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

ஆனால் பெரியம்மா பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ரொட்டி, ஆலிவ், தக்காளி, பழம் எல்லாம் அருமையாக இருக்கும். இந்தப் பாலாடைக்கட்டியைக் கட்டாயம் சாப்பிட வேண்டும்: செர்ரா த எஸ்ட்ரெலா. செம்மறியாட்டுப் பால். ஐரோப்பாவில் பல பாலாடைக்கட்டிகளுக்குக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததைத்தான் உறை ஊற்றுகிறார்கள். இதற்கு ஒருவகை முட்செடியின் பூவை ஊறவைத்து ஊற்றுகிறார்கள். மனம் கோணாமல் சாப்பிடலாம். நீங்கள் போகும் பருவத்தில் தெருவோரம் வண்டிகளில் கஷ்கொட்டை சுடுவார்கள். அந்தப் புகை வாசம் தெரு முழுக்க வரும்.

சோறு வேண்டுமென்றால் லூமியார் பகுதியில் ராதாகிருஷ்ணர் கோயில் இருக்கிறது. மொசாம்பிக்கிலிருந்து லிஸ்பனுக்கு வந்த குஜராத்தி மக்களின் கோயில். அங்கே சைவ உணவுக்கூடமும் உண்டு.

ஓட்டலில் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம் அல்ல. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

*சித்தப்பா, 9.40*
எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறிய ஊர் லிஸ்பன். 1554-இல், மன்னர் மூன்றாம் ஜோவான் காலத்தில், ஒரு சிறு கிறிஸ்தவ மறை நூல். தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள். நம் பக்கத்திலிருந்து அங்கே போய் வாழ்ந்த மூவர் அதை உருவாக்கினார்கள். தமிழ் எழுத்திலேயே நூல் வந்தது 1578-இல், கொல்லத்தில். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அந்த ஊர்த் தெருவில் நடக்கும்போது என்னை அழையுங்கள் அண்ணா, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

*பெரியப்பா, 9.44*
கட்டாயம் அழைக்கிறேன் தம்பி.

*அத்தை, 9.58*
அண்ணி சங்கீதம் இல்லாமல் இருக்க மாட்டாரே. அங்கே கச்சேரி ஏதாவது உண்டா?

*மீனா, 10.15*
ஃபாது இருக்கிறது அத்தை! மோரரியா, அல்ஃபாமா போன்ற ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டு. 2011-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பன்னிரண்டு கம்பி கொண்ட போர்ச்சுக்கீசிய கித்தார் கூடவே வாசிப்பார்கள். பாட்டு தொடங்கினால் விளக்கைக் குறைப்பார்கள். தட்டும் கரண்டியும் பேசக்கூடாது. பரிமாறுபவர்கூட நின்ற இடத்தில் நின்றுவிடுவார். பெரிய உணவகங்களை விட, அக்கம்பக்கத்து மனிதர்கள் எழுந்து முறைவைத்துப் பாடும் சிறிய கடைகளைத் தேடிப் போங்கள். மீன்காரம்மாள் போலிருந்த ஒரு வயதான பெண்மணி கண்ணை மூடிப் பாடியதைக் கேட்டு, அர்த்தம் தெரியாமலே அழுதிருக்கிறேன்.

*பெரியம்மா, 10.19*
இதற்காகவே போகலாம்.

*கார்த்தி, 10.30*
பிக்பாக்கெட் பற்றி யாரும் பேசவில்லையே?

*மீனா, 10.41*
28-ஆம் எண் டிராம்தான் அதற்குப் பேர்போனது. மார்ட்டிம் மொனீஷில் வரிசையில் நின்று நெரிசலில் ஏற வேண்டாம். மறுமுனையான காம்பு த ஓரிக் பக்கம் காலையில் சீக்கிரம் போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு நகலோடு போங்கள், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். மற்றபடி இரவு உணவு முடித்து இருவரும் நிம்மதியாக நடந்து வரக்கூடிய ஊர்தான், கார்த்தி. தினமும் இரண்டு வேளை அவர்களை அழைத்துப் பேசு, உனக்கும் தூக்கம் வரும்.

கார்மு மடத்தையும் பாருங்கள் பெரியப்பா. 1755-இல் கூரை விழுந்தது, இன்றுவரை வானமே கூரை. அதற்கு முன்னாலுள்ள சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று மக்கள் திரண்டு நிற்க, சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் பணிந்தார். அன்று துப்பாக்கிக் குழலில் செருகிய கார்னேஷன் பூக்களால்தான் அந்தப் புரட்சிக்குப் பெயர்.

*கார்த்தி, 11.05*
விசா?

*மீனா, 11.12*
ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள், சந்திப்பு நேரம் கிடைக்காது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

*பெரியப்பா, 11.20*
முடிவு செய்துவிட்டேன். லிஸ்பன்தான். அந்த நிறுவனத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். கார்த்தி, வீடு தேடும் வேலை உன்னுடையது. சமையலறை இருக்க வேண்டும்.

*மீனா, 11.23*
லிப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டு வாங்கு கார்த்தி. பாய்ஷாவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் கிடையாது. நாலு மாடி மரப்படி ஏற வேண்டியிருக்கும்.

*கார்த்தி, 11.26*
இன்றைக்கே கேட்கிறேன்.