சினாப்ஸுக்கு ‘நரம்புக் கடவு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு மூளை, மனம் பற்றி எந்த நூல்களை வாங்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி. அதிலிருந்து இன்னொரு கேள்வி வந்துவிட்டது: ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கடக்கும் இடமான சினாப்ஸுக்குத் தமிழில் என்ன சொல்வது? கைக்குக் கிடைத்த ஆறு நூல்களைப் பாயில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றிலும் சினாப்ஸ் வரும் பக்கத்தை மட்டும் தேடிப் படித்தேன். அதைச் சரியாகச் சொல்கிற நூலை நம்பி வாங்கலாம் என்பது என் கட்சி.

காரணம் இருக்கிறது. வட்டத்தில் ஓர் அக்கா, “மனச்சோர்வுக்குத் தர்ற மாத்திரை மூளையில எங்க போய் என்ன செய்யுது?” என்று கேட்டார். நான்கு நூல்களில் ‘நரம்பு இணைப்பு’ என்று போட்டு இரண்டு கம்பிகளை முறுக்கிவிட்டது போலப் படம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்லவே முடியாது. உண்மையில் அங்கே ஏறத்தாழ 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. இந்தப் பக்கத்து நரம்பணுவில் உள்ள நுண்பைகள் திறந்து செரட்டோனின் போன்ற வேதிப்பொருளைக் கொட்டும், அது கடந்துபோய் அந்தப் பக்கத்து ஏற்பிகளில் ஒட்டும், மிச்சத்தை இந்தப் பக்கமே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பரவலாகத் தரப்படும் ஒருவகை மாத்திரை முதலில் தடுப்பது இந்த உறிஞ்சலைத்தான். மீதி இரண்டு நூல்களில் இது தெளிவாக இருக்கிறது, ஆனால் இரண்டிலும் ‘சினாப்ஸ்’ என்றே விட்டுவிட்டார்கள்.

அப்படியே இருக்கட்டுமே என்று ஒருவர் எழுதியிருந்தார். 1897இல் ஷெரிங்டன் என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் இதற்குப் பெயர் தேடியபோது முதலில் நினைத்தது ‘சிண்டெசம்’, அப்புறம் வெர்ரல் என்ற கிரேக்க அறிஞரிடம் யோசனை கேட்டுத்தான் ‘சினாப்ஸ்’ வந்தது. அதற்கும் ‘கோத்துப் பிடித்தல்’ என்ற பொருள்தான். இடைவெளியை யாரும் கண்ணால் பார்த்திராத காலம் அது. 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட நரம்பியல் ஆய்வாளர்கள் கோல்கியும் கஹாலும்கூட, நரம்புகள் ஒரே வலையா தனித்தனி அணுக்களா என்பதில் எதிரெதிர் நிலையில் நின்றார்கள். 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இடைவெளியைக் காட்டியது. நமக்கு அது தெரிந்தபின் சொல் ஆக்குகிறோம், ஏன் மறுபடி ‘இணைப்பு’?

‘நரம்பிடைவெளி’ என்று வைக்கலாம் என இங்கே ஓர் அண்ணன் சொன்ன யோசனையும் எனக்கு ஒப்பவில்லை. இடைவெளி சினாப்ஸின் ஒரு பகுதி மட்டுமே, இரு கரைகளும் சேர்ந்ததுதான் முழுசு. தவிர, வேதிப்பொருள் இல்லாமல் மின்சாரமே நேராகக் கடக்கும் மின் சினாப்ஸ்களில் இரண்டு அணுக்களும் நுண்குழல்களால் நேரடியாகவே தொட்டுக்கொண்டிருக்கும்.

கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் நின்று, படகு அக்கரைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ‘நரம்புத்துறை’ என்று முதலில் தோன்றியது. வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தால் ஆஸ்பத்திரிப் பலகை மாதிரி இருக்கிறது. அதனால் ‘கடவு’. கடக்கும் இடம், கடக்கும் வழி என்ற இரண்டு பொருளும் அதில் உண்டு. வேதிப்பொருள் கடந்தாலும் மின்சாரம் கடந்தாலும் பொருந்தும். இடைவெளியை ‘கடவிடை’ என்று தனியாகப் பிரிக்கலாம், நுண்பை ‘கடவுப்பை’ ஆகும்.

எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும். ‘கடவுப்பை’ என்றதும் பாஸ்போர்ட் வைக்கும் பை நினைவுக்கு வருமோ? உயிரியல் பாடம் நடத்துகிறவர்கள் வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நூல் எடுத்துச் சொல்லும் கூட்டம் ஞாயிறு மாலை, பலகையில் எந்தச் சொல்லை எழுதுவது என்று அதற்குள் முடிவாகிவிட்டால் நல்லது.